செவ்வாய்க்கிழமையும் கடை திறக்கவும்

என்னங்க,

மூன்று நாளாக நாம் பேசவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சோறும் நெத்திலி சம்பாலும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு கடைக்குப் போங்கள். சாவி மைலோ டின்னில் இருக்கிறது. ஆமாம், நம் முடிதிருத்தும் கடைக்குத்தான்! மாவட்ட மன்றத்தின் சிறுவியாபார உதவி கிடைத்துவிட்டது! நேற்றுதான் கடிதம் வந்தது. இன்று பத்து மணிக்கு மன்ற அதிகாரி வந்து, கடை நடப்பதைப் படம் எடுப்பார்.

"உன்ன யாரு மனு போடச் சொன்னா? கொரோனாவோட கடைய மூடியாச்சு, விடு!" என்று அன்று நீங்கள் கத்தியதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன்.

இன்று செவ்வாய்க்கிழமை, கத்தரிக்கோலைத் தொட மாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள். நம் ஆட்கள் வரமாட்டார்கள், தெரியும். பக்கத்துக் கோப்பிக் கடைச் சீனர் ஆ செங் அங்கிளை நாற்காலியில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். "எனக்கு எந்த நாளும் ஓகே லா" என்றார். அவருக்கு இருப்பதே நாலு முடி, மெதுவாக வெட்டுங்கள்.

என் பேக்டரி பஸ் வரும் நேரமாகிவிட்டது.

கோமளா

பி.கு: மனுவுக்குக் கடை லைசன்ஸ் கேட்டார்கள். எப்போதோ காலாவதியாகியிருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். மன்றக் கவுண்டரில் இருந்த ஷர்மினி சிரித்தாள். "அங்கிள் வருஷா வருஷம் வந்து புதுப்பிச்சுட்டுத்தானே போறாரு, ஆன்ட்டி!"

கடையை மூடியாச்சு என்று என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

சாயங்காலம் முதலில் நீங்கள்தான் பேச வேண்டும்.