அப்பளப் பெட்டியும் கம்பி பிரஷ்ஷும்

ஆலங்காயம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நவீன்குமாருக்கு அம்மா எழுதுவது. நான் நல்லா இருக்கிறேன், முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. மஸ்கட்டில் நீயும் உடம்பு சுகமாய் இருக்க முனீஸ்வரன் துணை. போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன், முழுசாய்ப் படி.

போன தடவை போனில் நீ, அப்பா போய் வருஷம் திரும்பவில்லை, கல்யாண மேடையில் டிரம்ஸ் வாசிக்கிறாயே, வீடியோ பார்த்தவர்கள் என்னைக் கேட்கிறார்கள், செட்டை விற்றுவிடு, அந்தத் துருப்பிடித்த பிரஷ்ஷைத் தூக்கிப் போடு என்றாய். அது துருப்பிடிக்கவில்லை ராஜா. ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் குச்சிக்குப் பதிலாய் டிரம்ஸில் வாசித்த கம்பி பிரஷ், எங்களுக்குக் கல்யாணமான வருஷம் உங்கப்பா எனக்காக வாங்கி வந்தது. பின்னால் வளையத்தை இழுத்தால் கம்பியெல்லாம் பிடிக்குள் போய்விடும். அதில் ஒரு கம்பி வளைந்திருப்பது நீ சைக்கிள் செயினைத் தேய்த்ததால். கைக்குழந்தையாய் இருந்தபோது மடியில் பேப்பரை விரித்து அந்தப் பிரஷ்ஷால் வட்டமாய்த் தேய்த்தால்தான் நீ தூங்குவாய், மறந்திருப்பாய்.

போன வாரம் மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் சின்னதம்பி என்பவர் மகள் கல்பனாவுக்குக் கல்யாணம். நம் பாட்டுக் குழுவில் பாடும் அசோக்குமார்தான் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டான். ஜீப்பில் டிரம்ஸ் செட் ஏறவில்லை, அங்கே ஒரு டிரம் கிடைக்கும் என்றார்கள், பிரஷ்ஷை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன். போய்ப் பார்த்தால் அந்த டிரம் தோல் கிழிந்து கிடந்தது. தாலி கட்டி முடிந்து பாட்டு ஆரம்பிக்கும்போது மாப்பிள்ளையின் அத்தை மங்கம்மாள், தாலி அறுத்தவள் பொண்ணு மாப்பிள்ளை முகத்துக்கு நேரே உட்காரக் கூடாது என்று அசோக்கிடம் சொல்லிவிட்டாள். அவன் நெளிந்துகொண்டு, தாளத்தைக் கீபோர்டிலேயே போட்டுக்கொள்கிறோம் என்று என்னைச் சமையல் பந்தலில் இருக்கச் சொன்னான். நானும் போய் உட்கார்ந்தேன் பார், அதுதான் நான் செய்த தப்பு.

இரண்டாவது பாட்டில் ஜெனரேட்டர் நின்றது. கீபோர்டு செத்தது, மைக் செத்தது, அசோக் மட்டும் தாளமில்லாமல் தடுமாறினான். கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. பக்கத்தில் அப்பளம் வந்த அட்டைப்பெட்டி காலியாய்க் கிடந்தது. கவிழ்த்துப் போட்டு பிரஷ்ஷை விரித்தேன். ஒரு கையில் பிரஷ்ஷால் தேய்ப்பு, மறு கையில் விரலால் தட்டு, பிடியின் பின்பக்கத்தால் அண்டா விளிம்பில் ஒரு சொட்டு. அட்டையில் அந்தக் கம்பி பேசுகிற மாதிரி தோலில்கூடப் பேசாது. அசோக் குரல் நேரானது, சனமெல்லாம் சமையல் பந்தல் பக்கம் திரும்பியது. கல்பனா மாலையோடு எழுந்து வந்து, "அக்கா, முன்னால வந்து வாசிங்க, எனுக்கு இன்னா ஆயிடப் போவுது" என்றாள். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து ஒன்பது பாட்டு வாசித்தேன். மங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், திருப்பிக்கொள்ளட்டும். தாலி இருந்தபோது வாசித்த அதே கைதான் இது. உங்கப்பா போனதுக்கு நான் அழுகிறேன், தினமும் அழுகிறேன், அதற்காகக் கையைக் கட்டிக்கொள்ள மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். தை மாதம் உன் மாமா மகள் சிவசங்கரி கல்யாணம், நான்தான் வாசிக்கிறேன், மறக்காமல் லீவு சொல்லிவிட்டு வா. வந்து முன்வரிசையில் உட்கார். வெட்கமாய் இருந்தால் சமையல் பந்தலில் உட்கார்ந்துகொள், அங்கே என் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு
உன் அம்மா,
டிரம்ஸ் ரேணுகாதேவி