சறுக்குமரத்தின் உச்சியில் விட்டுவிட்டு

மே 14, ஞாயிறு.

சபீனாவை இன்று பார்க்குக்குக் கூட்டிப் போனேன். சீசன் என்று அவள் அத்தா ஞாயிற்றுக்கிழமையும் பட்டாசு கம்பெனிக்குப் போய்விட்டார். நாலு வயதுப் பிள்ளை எத்தனை நாள்தான் வீட்டுக்குள்ளேயே கிடக்கும்?

அவள் சறுக்குமரத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்தாள். நான் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் டமாரென்று அந்தச் சத்தம் கேட்டது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, கேட்டுக்கு வெளியே இருக்கும் போன் பூத் வரிசையில் நின்றதுதான். எனக்கு முன்னால் ஐந்து பெண்கள் நின்றார்கள். எல்லோரிடமும் ஏதோ ஒரு பட்டாசு கம்பெனியின் நம்பர் இருந்தது.

பூத்துக்காரர் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"லாரி டயருதான் வெடிச்சிருக்கு. போயி பிள்ளைகளைப் பாருங்கம்மா."

அதுவரை எனக்குப் பிள்ளை ஞாபகமே வரவில்லை. பெற்றவள் செய்கிற காரியமா இது?

ஓடிப் போய்ப் பார்த்தால், விட்ட இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "அத்தா போனை எடுத்தாகளாம்மா?" என்று கேட்டாள்.

அவளைப் படி வழியாகவே இறக்கிக் கூட்டி வந்துவிட்டேன்.

ராத்திரி சோறு சாப்பிடும்போது அவர் கேட்டார்: "பார்க்குல நல்லா சறுக்குனியாம்மா?"

"பத்து தடவ, அத்தா" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

நானும் ஆமாம் என்றேன்.