என்னங்க, தண்ணி வந்துடுச்சு

என் உயிரான எஸ்தர் அக்காவுக்கு,

உன் மேல் எனக்கு வயிற்றெரிச்சல். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பாய். அக்காள் புருஷனைக் கட்டிக்கொண்டு, அக்காள் வீட்டில் அடுப்பு மூட்டிப் பார்த்தால் தெரியும்.

உன் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றிலும் உன் பெயர் வெட்டியிருக்கிறது. நீ போன பிறகு, பையன் தாயில்லாமல் நிற்கிறானே என்று பெரியவர்கள் கூடிப் பேசி என்னை அத்தானுக்குக் கட்டிவைத்தார்களே, அப்போது எனக்கென்று ஒரு கரண்டிகூட வாங்கவில்லை. "அதான் அங்க எல்லாம் கெடக்கே" என்று அம்மா சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து உன் பெயர் போட்ட டம்ளரில்தான் காப்பி குடிக்கிறேன். தேய்க்கத் தேய்க்கப் பளபளவென்று தெரிகிறதே தவிர, அந்த எழுத்து அழிகிறதா பார்.

உன் பையன் ஜான்சன் என்னை இன்னும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறான். டிப்ளமா முடித்த கையோடு ஏஜெண்டைப் பிடித்து, பாஸ்போர்ட்டுக்கு அலைந்து, சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்தது நான். போகும்போது பர்ஸில் வைத்துக்கொண்டு போனது உன் போட்டோவை. சரி, பெற்றவள் நீ, அதைக்கூட விட்டுவிடுவேன். ஆனால் அத்தானின் தூக்கத்துக்குள்ளேயும் நீதானே உட்கார்ந்திருக்கிறாய்? அதைத்தான் அக்கா என்னால் பொறுக்க முடியவில்லை.

அவருடைய குறட்டை உனக்குத் தெரியும். "எங்க வீட்டுல தனியா ஒரு ரைஸ் மில்லு ஓடுதுடி" என்று நீ சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது நீ இருந்த காலத்துக் குறட்டை. இப்போது உழுவதற்கு டிராக்டர், அறுப்பதற்கு மெஷின், பையன் அனுப்புகிற பணம். வரப்பில் நிற்பதைத் தவிர அத்தானுக்கு வேலை இல்லை. உடம்பு பெருத்து, கழுத்து தடித்துப்போய்விட்டது. குறட்டை ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். மூச்சே இருக்காது. எழுந்து அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்குகிற மாதிரி ஒரு பெரிய இரைச்சலோடு மூச்சு வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிற்கும்.

பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம். கோயிலில் பிரசங்கம் ஆரம்பித்ததும் இவரும் ஆரம்பித்துவிடுகிறார். போதகர் ஒரு நாள் பேச்சை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார். சபையில் ஒரு மூப்பர் என்னிடம் வந்து, "அண்ணன் இப்பல்லாம் லேசா போடுறாரோ?" என்று கேட்டார். காப்பியைத் தவிர எதையும் தொடாத மனிதரைப் பார்த்து! "ஒங்க வீட்டுல பாத்துக்குங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன மாசியில் குத்தாலம் கடைத்தெருவிலிருந்து மொபெட்டில் வந்தவர், பட்டப்பகலில், நேர் ரோட்டில், வண்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். "எப்படி விழுந்தீங்க?" என்றால், "தெரியல லில்லி. கண்ண மூடவே இல்ல. தொறந்து பாத்தா வாய்க்கால்ல கெடக்கேன்" என்கிறார். தண்ணீர் இல்லாத காலம், முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. தண்ணீர் போகிற நாளாக இருந்திருந்தால்?

குத்தாலத்தில் புதிதாக ஒரு டாக்டரம்மா இருக்கிறார். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தூக்கத்துல தொண்டை அடைச்சிக்குதும்மா. மூச்சு நிக்குது, ஒடம்பு பதறி எழுப்புது, மறுபடி தூங்குறாரு, மறுபடி நிக்குது. ராத்திரி பூரா இதே வேலைன்னா பகல்ல தூங்காம என்ன செய்வாரு? இருதயத்துக்கும் நல்லதில்ல. இப்ப என் சந்தேகம்தான் இது. உறுதியாத் தெரியணும்னா தஞ்சாவூர்ல ஒரு ராத்திரி படுக்க வச்சு, ஒயர் மாட்டிப் பாக்கணும்" என்றார்.

"தஞ்சாவூர்ல எங்க?" என்று அத்தான் கேட்டார். டாக்டரம்மா ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னார். நீ கண்ணை மூடிய அதே ஆஸ்பத்திரி அக்கா.

அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். "அந்த வாசல நான் மிதிக்க மாட்டேன். செத்தாலும் சரி" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு. செத்தவளுக்காகச் சாகத் தயாராக இருக்கிறார், இருக்கிறவளுக்காக ஒரு ராத்திரி படுக்க மாட்டாராம்.

திரும்பி உள்ளே போய் டாக்டரம்மாவிடம் அழுதேன். வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்லி அனுப்பினார். மல்லாந்து படுக்க விடக் கூடாது, ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். தலைமாடு உயரமாக இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம், கம்மியாகக் கொடுக்க வேண்டும். எடை குறையட்டும். தூக்க மாத்திரை கீத்திரை கிட்டேயே போகக் கூடாது. வண்டி ஓட்டவே கூடாது. வாசல்வரை வந்து, "இதெல்லாம் சமாளிப்புதாம்மா, வைத்தியம் இல்ல. எப்படியாவது டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

சமாளித்தேன். மொபெட் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை மத்தியானத்தோடு மூடினேன், "நீ என்ன ஜெயில் வார்டனா?" என்று பேச்சு வாங்கினேன். ஒரு ரப்பர் பந்து வாங்கி, பனியனின் முதுகுப் பக்கம் பை தைத்து அதற்குள் போட்டேன். மல்லாந்தால் உறுத்தும், தானாகத் திரும்பிவிடுவார் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விடிந்து பார்த்தால் பனியன் கொடியில் தொங்குகிறது, இவர் மல்லாந்து கிடக்கிறார்.

இதையெல்லாம் ஜான்சனிடம் சொல்லப்போக, அவன் பதறிப்போய் ஊருக்கு வருகிறவர் ஒருவரிடம் மூச்சு மெஷின் ஒன்றைக் கொடுத்தனுப்பிவிட்டான். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற மெஷின். அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "கன்னுக்குட்டிக்கு வாய்ப்பூட்டு போடற மாதிரில்ல இருக்கு" என்றார். டெஸ்ட் எடுத்து, எவ்வளவு காற்று வைப்பது என்று தெரியாமல் மாட்டக் கூடாது என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். பெட்டி பிரிக்காமல் உன் போட்டோவுக்குக் கீழே இருக்கிறது. அங்கேயும் நீதான் காவல்.

அதற்கப்புறம் ஒரு நாள் ஜான்சன் போனில் கேட்டான். "சித்தி, அம்மா என்ன பண்ணுவாங்க தெரியுமா? காதுகிட்டப் போயி, 'என்னங்க, தண்ணி வந்துடுச்சு'ன்னு சொல்லுவாங்க. அப்பா ஒடனே ஒருக்களிச்சுப் படுத்துடுவாரு. சொல்லிப் பாருங்களேன்."

நான் அவரைக் கூப்பிடுவது அத்தான் என்றுதான். பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து அப்படித்தான், கல்யாணத்துக்குப் பிறகும் நாக்கு மாறவில்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவருக்கு மூச்சு நின்றது. "அத்தான், அத்தான்" என்று உலுக்கினேன். அசையவில்லை. தூங்குகிற மனசுக்கு, கொழுந்தியாள் விருந்துக்கு வந்திருக்கிறாள் என்று தோன்றுமோ என்னவோ! வேறு வழியில்லாமல் குனிந்து, "என்னங்க, தண்ணி வந்துடுச்சு" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, திரும்பிப் படுத்தார். மூச்சு சீராக வந்தது. கண்ணைத் திறக்காமலே, வயலுக்கு மடை வெட்டக் கிளம்புகிறவர் மாதிரி, "மம்புட்டிய எடுத்து வை எஸ்தர்" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. அவர் பிழைத்தது சந்தோஷமா, நீ ஜெயித்தது வயிற்றெரிச்சலா, எது முதலில் வந்தது என்று கேட்காதே. வெளியே காவிரி மணலாகக் கிடக்கிறது, வாய்க்காலில் ஆடு மேய்கிறது. இல்லாத தண்ணீரை, இல்லாத நீ சொன்னால் நம்புகிறார். இருக்கிற நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்பதில்லை. ஆனாலும் சொன்னேன். பகலும் ராத்திரியும், மூச்சு நிற்கும்போதெல்லாம், உன் வார்த்தையைச் சொல்லி அவரைத் திருப்பினேன். ஒவ்வொரு தடவையும் உன் பெயரை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எத்தனை நாள்தான் தாங்கும்? ஒரு நாள் சோற்றைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு நின்றேன். "தூக்கத்துல அவளத்தான் கூப்புடுறீங்க. அவ போன எடம்னு டெஸ்ட்டுக்கும் வர மாட்டேங்குறீங்க. நான் யாரு இந்த வீட்டுல? எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

சோற்றிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ போனப்ப நான் பக்கத்துல தூங்கிட்டேன் லில்லி. நாற்காலில ஒக்காந்தபடியே. ரெண்டு மூணு தடவ என்னங்க என்னங்கன்னு கூப்புட்டாளாம். பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்க சொன்னாங்க. நான் கொறட்ட விட்டுக்கிட்டு இருந்தேனாம். அந்த எடத்துல போயி மறுபடி தூங்குன்னா, எப்படித் தூங்குவேன்?"

உனக்குத் தெரியுமா இது? நீ கூப்பிட்டாயா அக்கா? என்ன சொல்ல நினைத்தாய்?

"அது அசட்டைத் தூக்கம் இல்ல அத்தான்" என்றேன். "டாக்டரம்மா சொன்னாங்கள்ல, வியாதி. அப்பவே இருந்துருக்கலாம். அதுக்குப் பேரு வைக்க அப்ப யாரும் இல்ல." அவர் அழுதார். எத்தனை வருஷத்து அழுகையோ. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அப்போதும் எனக்குப் பொறாமைதான். எனக்காக இந்த மனிதர் இப்படி அழுவாரா என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்ட் பேச்சை எடுத்தேன். "பாக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

இப்போது நேற்று மத்தியானத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

அத்தான் படுத்திருந்தார். தெருவில் சத்தம். எட்டிப் பார்த்தால், மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டது! நுரையும் சருகுமாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. நம் மடையைத் திறக்க வேண்டும். நான் உள்ளே ஓடி, உண்மையிலேயே சந்தோஷத்தில், "என்னங்க, தண்ணி வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

மனிதர் சமர்த்தாக ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறார்!

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். மறுபடி சொன்னேன். இன்னும் நன்றாகச் சுருண்டு படுத்தார். உன் வார்த்தையைச் சொல்லிச் சொல்லி நானே அதைத் தாலாட்டாக்கிவிட்டேன் போலிருக்கிறது. கடைசியில் என்னையறியாமல், "அத்தான்! நெசமாத்தான் அத்தான்! வாய்க்கால்ல தண்ணி!" என்று கத்திவிட்டேன்.

துள்ளி எழுந்து உட்கார்ந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "லில்லி, மம்புட்டி எங்க?" என்றார்.

லில்லி என்றார் அக்கா. தூக்கத்திலிருந்து எழுந்த வாயால், லில்லி என்றார்.

சாயங்காலம் சேற்றுக்காலோடு வந்து வாசலில் நின்றார். நான் குடத்துத் தண்ணீரை ஊற்ற, காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நடவு முடியட்டும். தஞ்சாவூருக்குப் போயி அந்த டெஸ்ட்ட எடுத்துட்டு வந்துடுவோம்." அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "நீ பக்கத்துல முழிச்சிக்கிட்டு இருப்பல்ல?"

இருப்பேன் என்றேன். உனக்கும் அதையே எழுதித் தருகிறேன். நடவு முடிகிறவரை ஒவ்வொரு மூச்சையும் காது கொடுத்துக் கேட்பேன். அந்த ஆஸ்பத்திரியில் அவர் தூங்குவார், நான் தூங்க மாட்டேன். மூச்சு நின்றால் அத்தான் என்றுதான் முதலில் கூப்பிடுவேன். அதற்கு அசையாவிட்டால் மட்டும், கோபித்துக்கொள்ளாதே, உன் வார்த்தையை எடுத்துக்கொள்வேன். திரும்பி வரும்போது கும்பகோணத்தில் பாத்திரக்கடையில் இறங்கி, ஒரே ஒரு டம்ளர் வாங்கி என் பெயரை வெட்டச் சொல்லப்போகிறேன். அது உன் டம்ளருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்னும் உன் மேல் வயிற்றெரிச்சல் தீராத,
உன் கூடப்பிறந்த தங்கை,
லில்லி