நாலு வெள்ளைப் பூ

12 ஜூன் 2023, திங்கள். எறையூர்

இன்று பெரம்பலூர் இ-சேவை மையத்தில் நாற்பத்தொரு பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒன்பது பேர் வருமானச் சான்றுக்காக மூன்றாவது முறை வருகிறவர்கள். தான் ஏழை என்று காட்டுவதற்கு ஒரு ஏழை எத்தனை பஸ் ஏறுவது?

வீட்டுக்கு வந்தால் கவியா இட்லி தின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து பதினோராவது. அக்கா மகள், ஆறு வயது. ரத்தப் புற்றுநோய் என்று ஏப்ரல் கடைசியில் சொன்னார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் முதல் கட்ட வைத்தியம் முடிந்து வந்திருக்கிறாள். தலையில் முடி இல்லை. மருந்தில் முகம் பூசணிக்காயாக உப்பியிருக்கிறது. பசி மட்டும் லாரி டிரைவர் பசி. அவள் அப்பா, தமிழ்மாறன் மாமா, அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அப்பாவை விட இரண்டு இட்லி அதிகம் தின்றதாகப் பீற்றிக்கொள்கிறாள்.

போன வாரம் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட அணு ஒன்றும் கண்ணில் படவில்லை. அக்கா பஸ்ஸில் அழுதாள், சிரித்தாள், முன்பின் தெரியாத பெண்ணுக்கு வாழைப்பழம் கொடுத்தாள்.

ஆனால் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கண்ணில் படாதது எங்கேயாவது ஒளிந்திருக்கும். இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்தியம் உண்டு. நடுவில் நிறுத்திய பிள்ளைகளுக்கு நோய் திரும்பியிருக்கிறது, திரும்பினால் அடக்குவது கஷ்டம். அடுத்த ஊசி 19-ம் தேதி.

15 ஜூன்

மாமாவின் அண்ணன் அய்யம்பெருமாள் வந்தார். குடும்பத்தில் மூத்தவர். மாமா அவர் பேச்சைத் தாண்டியதே இல்லை. கவியாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஆத்தா காப்பாற்றிவிட்டாள், இனி எதற்கு அந்த விஷத்தை ஏற்றுகிறீர்கள் என்றார்.

கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்த நாள் முழுக்கச் செருப்புப் போடாமல் கரும்புக் காட்டில் நடந்தவர். அப்படிப்பட்டவரைத் திட்ட வார்த்தை கிடைக்கவில்லை. தேடினேன்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்ததும் அந்த டாக்டருதான? இல்லாததுக்கு எதுக்கு ஊசி?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற அப்பா!

கடைசியில் ஆத்தாவிடம் பூ கேட்பது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை. வாழையிலையில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். கவியா ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் திருச்சி. சிவப்பு வந்தால் வைத்தியத்தை நிறுத்துவது.

கவியாவின் அம்மா, கொளஞ்சி அக்கா, தலையாட்டினாள். ஆத்தா என்றால் அவளுக்கு மறுபேச்சே கிடையாது. என் அக்காவை உலுக்க வேண்டும் போல இருந்தது.

16 ஜூன்

ஒரு பிள்ளையின் உயிர், பாதிக்குப் பாதி. காசு சுண்டுவதும் இதுவும் ஒன்றுதான்.

17 ஜூன்

மையத்துக்குப் பின்னால் நந்தியாவட்டைச் செடி இருக்கிறது. இரண்டு பூ பறித்துக் கைக்குட்டையில் சுருட்டி வைத்திருக்கிறேன். சிவப்புப் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளையை வைத்துக் கட்டிவிட வேண்டும். ஒன்று வாடினால் இன்னொன்று.

எனக்கு ஆண்டாயி என்று சாமி பெயரை வைத்துவிட்டு, சாமி கும்பிடாதவள் என்று இருபத்து மூன்று வருஷமாகத் திட்டுகிறார்கள். நாளைக்கு அந்தத் திட்டுக்கு முழுத் தகுதி வந்துவிடும். பயமாக இருக்கிறதா? இருக்கிறது. மாட்டிக்கொண்டால் ஊசி நின்றுபோகும்.

18 ஜூன், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் செல்லியம்மன் ஏரிக்கரையில் இருக்கிறாள். கோயில்களுக்குள் எங்கள் ஆட்களை விடாத காலத்தில் நாங்களே நட்டுக்கொண்ட கல். கூரை இல்லை, ஐயர் இல்லை, உண்டியல் இல்லை. சாமியில்லாத எனக்கு அந்தக் கல்லின் மேல் மட்டும் ஒரு மரியாதை உண்டு.

பொட்டலம் கட்டியது அக்கா. கவியாவுக்கு முகக்கவசம் மாட்டி மாமா தூக்கிக்கொள்ள, பூத்தட்டை என்னிடம் கொடுத்து முன்னால் போகச் சொன்னார்கள். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கருவேல மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தேன். வெள்ளை. சரி, அப்படியே கட்டிவிட்டு மற்றதைப் பிரித்தேன்.

அதுவும் வெள்ளை.

தப்பாகக் கட்டிவிட்டாளா? சிவப்பு அரளியை அவள் பறித்ததை நானே பார்த்தேன். பூ கட்டியே கை பழகியவள், வெள்ளைக்கும் சிவப்புக்குமா தடுமாறுவாள்? பின்னால் பேச்சுச் சத்தம் நெருங்கியது. மறுபடி கட்டினேன். என் கைக்குட்டைப் பூ இரண்டையும் ஏரியில் போட்டேன்.

பெரியவர் அய்யம்பெருமாள் சூடம் காட்டினார். கவியா குனிந்து இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவசரமே படவில்லை. "சித்தி, எது?" என்று என்னைக் கேட்டாள். உனக்குப் பிடித்தது என்றேன். இடது பக்கத்தை எடுத்தாள்.

வெள்ளை. அக்கா குலவையிட்டாள். மாமா அழுதுவிட்டார். பெரியவரும் கண்ணைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே மற்ற பொட்டலத்துக்குக் கை நீட்டினார். அக்காவின் குலவை பாதியில் நின்றது.

"அதப் பிரிக்கக் கூடாது பெரிய மாமா" என்றேன்.

"ஏன்?"

"ஒருவாட்டி கேட்டு அவ சொல்லிட்டா. இன்னொண்ணப் பிரிச்சு சரிபாத்தா அவ வாக்க நம்பலன்னு ஆயிரும்."

"ஒனக்குத்தான் சாமியே இல்லையே."

"எனக்கில்ல. ஒங்களுக்கு இருக்குல்ல?"

கையை இழுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பொட்டலத்தை எடுத்து எட்டின மட்டும் ஏரிக்குள் எறிந்தேன். ஒரு சாமிச் சட்டத்தை அந்த நிமிஷத்தில் நானே இயற்றி அமல்படுத்தியிருக்கிறேன். எங்கள் வம்சத்தில் இனி நூறு வருஷத்துக்கு அந்த இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

19 ஜூன்

ஊசி போட்டாயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் முட்டை பப்ஸ் கேட்டாள்.

9 ஆகஸ்ட்

எதிர்வீட்டுப் பச்சையம்மாள் தன் பேத்தியைக் கவியாவோடு விளையாட விடுவதில்லை. ஒட்டிக்கொள்ளுமாம். போய்ச் சண்டை போட்டேன். இது ஒட்டாது, உங்கள் பேத்தியின் சளிதான் எங்கள் பிள்ளைக்கு ஒட்டும், அதனால் நாங்கள்தான் அவளை விடக் கூடாது என்றேன். அந்தக் கிழவி யோசித்துவிட்டு, அதுவும் நியாயந்தான் என்று உள்ளே போய்விட்டாள். சண்டை போடப் போன எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

3 செப்டம்பர்

காய்ச்சல். நூற்று மூன்று. திருச்சிக்கு வாடகைக் காரில் ஓடினோம். இத்தனை லாரி கல்லை வெட்டி எடுத்துக்கொண்டு போகிற ஊரிலிருந்து ஒரு காய்ச்சலுக்கு இவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கிறது. யாரைக் கேட்பது? ரத்தத்தில் வெள்ளணு சுத்தமாக இறங்கிவிட்டதாம். தனி அறையில் வைத்திருக்கிறார்கள்.

5 செப்டம்பர்

அக்கா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மத்தியானம் வராந்தாவில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"என்னாலதான்டி. அன்னிக்கு ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சேன். அவகிட்ட கேள்வியக் கேட்டுட்டு, அவ பதில நானே சொல்லிட்டேன்."

பேச விட்டேன். அன்று விடிவதற்குள் குளித்துவிட்டு ஏரிக்கரைக்குத் தனியாகப் போயிருக்கிறாள். செவப்பப் பாக்குற தைரியம் எனக்கில்ல தாயி, வெள்ளையத்தான் கட்டப் போறேன், கோவம்னா என்மேல காட்டு, புள்ளமேல காட்டாத என்று சொல்லிவிட்டு வந்து கட்டியிருக்கிறாள். "சொல்லிட்டுத்தான் செஞ்சேன். இருந்தாலும் புள்ளமேல காட்டிட்டாளே" என்றாள்.

மறுபேச்சில்லாதவள் என்று இவளையா எழுதி வைத்தேன்? மாமா தரையைப் பார்த்தார், நான் கத்தினேன், இவள் மட்டும் நேராகச் சாமியிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வெள்ளணு, கிருமி, மருந்து — எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. அதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அது போதவில்லை.

"அவ கோவப்பட்டா மொதல்ல என்மேலதான் வரணும்" என்றேன். "தட்ட வாங்குனப்பவே என் கைக்குட்டையில ரெண்டு வெள்ளப் பூ இருந்துச்சு."

திரும்பிப் பார்த்தாள். "எதுக்கு?"

"நீ எதுக்கு வச்சியோ அதுக்குத்தான்."

"நீயுமா?"

"நானுந்தான். பிரிச்சுப் பாத்தா எனக்கு வேலையே வைக்கல நீ."

"அப்ப மொத்தம் நாலு வெள்ளையா?"

அவ்வளவுதான். முதலில் அவள் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. தயிர்சாதம் மடியெல்லாம் கொட்டியது. ஆஸ்பத்திரின்னு நெனப்பு இருக்கா என்று நர்ஸ் வந்து திட்டினார்.

கண்ணைத் துடைத்துவிட்டு மடியில் கொட்டியதை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திச் சொன்னாள்:

"நாலு பூவையும் அவ பாத்துட்டுத்தான இருந்திருப்பா? வேணாம்னு நெனச்சா ஒண்ணையாச்சும் செவக்க வச்சிருக்க மாட்டாளா?"



8 செப்டம்பர்

காய்ச்சல் விட்டது. மருந்து கேட்டது என்று நானும், ஆத்தா கேட்டுக்கொண்டாள் என்று அக்காவும் சொல்கிறோம். கவியா கேட்பது புளிசாதம்.

17 ஜனவரி 2024

முடி முளைத்துவிட்டது! சுருட்டையாக. முன்பு நேர் முடி. பெரியவர் சீப்பு வாங்கி வந்தார். வாருவதற்கு இன்னும் அங்கே ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் வாரினார்.

2 ஜூலை

ஊசிகள் குறைந்து இப்போது தினசரி மாத்திரை. வெறும் மாத்திரைதானே, ஒரு மாதம் விட்டுப் பார்த்தால் என்ன என்று பெரியவர் இன்று மறுபடி ஆரம்பித்தார். மாமா தலை நிமிர்ந்து, "வெள்ளப் பூ ஒரு மாசத்துக்கா குடுத்தா, முழுசுக்குந்தான குடுத்தா?" என்றார். பெரியவர் அடங்கிவிட்டார். மாமா அண்ணனை எதிர்த்துப் பேசி முதல் முறையாகப் பார்க்கிறேன். நானும் அக்காவும் தண்ணீர் எடுக்கிற சாக்கில் கொல்லைப் பக்கம் ஓடிவிட்டோம்.

16 நவம்பர் 2025, ஞாயிறு

போன வாரத்தோடு மாத்திரை முடிந்தது. ரத்தம் சுத்தமாக இருக்கிறது. இனி மாதம் ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டரம்மா.

ஏரிக்கரையில் பொங்கல். உறவெல்லாம் வந்திருந்தார்கள். ஆத்தா வெள்ளையைக் கொடுத்த கதையைப் பெரியவர் வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொரு முறையும் பூ பெரிதாகிக்கொண்டே போனது. அக்கா பானையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் என்னைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நான் கும்பிடவில்லை. விறகு சுமந்தேன். இரண்டு தட்டுப் பொங்கல் சாப்பிட்டேன்.

10 டிசம்பர், புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து போன். கவியா மூன்றாவது படிக்கிறாள். உடம்புக்கு முடியாத பிள்ளை, யாரும் மேலே கை படக் கூடாது என்று வகுப்புக்கே சொல்லி வைத்திருந்தார்கள். விளையாட்டில் சேர்க்க மாட்டார்கள். வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் ஒரு ஆள் இடம் விடுவார்கள்.

பக்கத்து பெஞ்சு கோகுலகிருஷ்ணன் இன்று அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டான். டீச்சர் போனில் நடுங்கினார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"தெரியாம நடந்துருச்சும்மா. அந்தப் பையன வகுப்புக்கு வெளிய நிக்க வச்சிருக்கேன்."

"எதுக்கு அடிச்சானாம்?"

டீச்சர் தயங்கினார். கவியாதான் முதலில் கிள்ளினாளாம். அவன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து அவித்த முட்டையையும் எடுத்துத் தின்றுவிட்டாளாம்.

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப இவளையும் வெளிய நிக்க வைங்க டீச்சர்."