அக்காவின் பிக்கப் வண்டி

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

மல்லாட்டை மூட்டை ஏற்றும் வண்டி ஒன்றுக்குப் பக்கப்பலகை மாற்றிக் கொடுத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பழைய பிக்கப் நிற்கிறது. அழுகின தக்காளி நாற்றம். பாடி கட்ட என் பட்டறைக்கு வரவேண்டிய வண்டியை யாரோ வழி தெரியாமல் வீட்டில் விட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அக்கா உள்ளிருந்து வந்து, "நம்ம வண்டிதான்டா. வாங்கிட்டேன்" என்றாள்.

அக்கா ரிட்டயர் ஆகிப் பதினோரு நாள்தான் ஆகிறது.

12 பிப்ரவரி

தூக்கம் சரியில்லை. அக்கா சொன்னதை எழுதி வைக்கிறேன், எழுதினாலாவது விளங்குகிறதா பார்ப்போம்.

வண்டியின் பின்னால் நான் ஒரு பெட்டி கட்ட வேண்டுமாம். அதில் படுக்க ஒரு பலகை, அடியில் தண்ணீர் கேன், ஒரு அடுப்பு, மேலே சோலார். டயர் பெரிதாக, வண்டி உயரமாக. முதலில் குஜராத் பக்கம் உப்புப் பாலை, பிறகு ராஜஸ்தான் மணல், கோடையில் இமாசல மலை. தனியாக. அறுபது வயதில்.

"ரோடு முடியற எடம் இருக்குது பாரு, அதுக்கப்பறமும் கொஞ்சம் போவணும்" என்கிறாள்.

முப்பத்து நான்கு வருஷம் கிராம சுகாதார நர்ஸ். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றாத ஊர் இந்தத் தாலுக்காவில் இல்லை. கல்யாணம் வேண்டாம் என்றிருந்துவிட்டாள். என் மனைவி தவறிப்போனபோது மகன் பிரசாந்துக்குப் பதினைந்து வயது. அன்றைக்குக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு இங்கே வந்தவள்தான், ஒன்பது வருஷமாக இந்த வீட்டை நடத்துகிறாள். பையன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அப்ப நான்?" என்று கேட்க வாய் வரை வந்தது. "டயர் கெடைக்கறது கஷ்டம்க்கா" என்றேன்.

3 மார்ச்

வேலை நிறைய என்று சொல்லிவிட்டேன். பொய். பட்டறையில் ஒரே ஒரு வண்டி நிற்கிறது.

26 மார்ச், புதன்

பக்கத்துப் பட்டறை சிராஜுதீன் பாய் லாரிக்கு ஒயரிங் செய்கிறவர். அக்கா நேராக அவரிடமே போய் சோலாருக்குப் பேசிவிட்டாள். அவர் வந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "இன்னா மேஸ்திரி, ஊரு வண்டிக்கெல்லாம் பாடி கட்டறே, கூடப் பொறந்தவ வண்டி மட்டும் வெயில்ல காயுது?"

மானம் போயிற்று. நாளை ஆரம்பிக்கிறேன்.

அக்கா படம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பழைய தடுப்பூசி ரிஜிஸ்டரின் பின்பக்கத் தாளில், அடிக்கோல் வைத்து, அங்குலக் கணக்கோடு. எந்த சாமான் எங்கே என்று அம்புக்குறி வேறு. இவள் என்ஜினியர் ஆகியிருக்க வேண்டியவள்.

19 ஏப்ரல், சனி

நல்ல வெயில். பெட்டியின் கூடு முடிந்தது. எஃப்.சி. சோதனைக்கு வண்டி போகும்போது கழற்றிவிடலாம் என்று போல்ட் வைத்து மாட்டியிருக்கிறேன்.

மெல்லிய தகடு போதும் என்றாள். எனக்கு மனசு வரவில்லை. நெல் லாரிக்குப் போடுகிற தடித்த ஆங்கிள் இரும்பையே போட்டேன். சன்னலைச் சின்னதாக வைத்து, குறுக்கே கம்பி அடித்தேன். எவனாவது கை விட்டால்? பின்பக்க ஸ்ப்ரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். எங்கள் செஞ்சியில் எந்த பிக்கப் வந்தாலும் அதைத்தான் முதலில் செய்வோம். ஏற்றுகிற லோடு அப்படி.

நெல் கமிட்டி எடைமேடையில் நிறுத்திப் பார்த்தாள். எடையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "படுக்கறதுக்குப் பொட்டி கேட்டா ஜெயில் கட்டிக் குடுத்துக்கிறியே" என்றாள்.

பாதுகாப்பு வேண்டாமா என்று கத்தினேன். எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது இப்போதெல்லாம்.

24 மே, சனி

பெயின்ட் காய்ந்துவிட்டது. வெளியே பச்சை. தடவிப் பார்த்தால் கை வழுக்குகிறது, அதில் எனக்குப் பெருமைதான். நாளைக்கு சீயமங்கலம் போய், குகைக்கோயில் பாறைக்கு அந்தப்பக்கம், வற்றிக் கிடக்கிற ஏரிக்குள் ஒரு பகல் நிறுத்திப் பார்க்கிறாளாம். சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து வருவாளாம். என்னையும் கூப்பிட்டாள். வேலை என்றேன்.

25 மே, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அக்கா பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். போன் முன்னால் கேபினில் சார்ஜில். பின்கதவைக் காற்றுக்காக ஒருக்களித்து வைத்திருக்கிறாள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மாக்கண்ணு என்கிற பெண், லோடு வண்டியின் கதவு திறந்து கிடக்கிறதே, ஆடு ஏறிவிடுமே என்று நல்லதுக்காகச் சாத்தி, வெளியே கொண்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

கதவில் உள்ளே தாழ்ப்பாள் இல்லை. வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். முப்பது வருஷமாக நான் கட்டின எல்லா பாடியும் அப்படித்தான். மூட்டை எதற்கு உள்ளிருந்து கதவைத் திறக்கப்போகிறது?

ஒன்றரை மணி நேரம். மே மாச வெயிலில் இரும்புப் பெட்டி. சன்னலில் கம்பி. நான் அடித்த கம்பி. கத்தியிருக்கிறாள், ஏரியில் ஈ காக்கை இல்லை. ஆடு திரும்பும்போதுதான் அம்மாக்கண்ணு சத்தம் கேட்டு ஓடிவந்து திறந்தாளாம். "பாவி நாந்தாம்மா சாத்தனேன்" என்று அந்தப் பெண் அழுதாளாம், அக்கா அவளைச் சமாதானம் செய்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, தானே வண்டியை ஓட்டி வந்திருக்கிறாள்.

இரண்டு உள்ளங்கையும் கன்றிப் போயிருக்கிறது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

26 மே

அக்கா வண்டிப் பக்கமே போகவில்லை. நாள் முழுக்க டி.வி. பார்த்தாள். சாயங்காலம், "வித்துடலாம்டா. வயசாயிடுச்சு எனக்கு" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

2 ஜூன், திங்கள்

கோழி வியாபாரி ரங்கநாதன் வந்து வண்டியைப் பார்த்தார். பெட்டியைக் கழற்றிவிட்டு, கூண்டு வைக்கிற மாதிரி செய்து தரக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா சரி என்று தலையாட்டினாள். அவர் போனதும் கேட்டாள், "ஒரு ஊசி போடணும்னா மருந்து பேர மூணு தடவ பாப்பேன்டா நானு. கதவுக்குத் தாழ்ப்பா இருக்குதான்னு நானு ஏன் பாக்கல?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

5 ஜூன், வியாழன்

சொல்லிவிட்டேன்.

ரிஜிஸ்டர் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கதவு போட்டிருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்டு, "உள் தாழ்ப்பாள்" என்று அவள் கையால் எழுதியிருக்கிறது. மார்ச்சிலேயே பார்த்தேன். வெல்டிங் வைக்கிற அன்றைக்கும் பார்த்தேன்.

"மறந்துட்டியா?"

மறந்தேன் என்று சொல்லியிருக்கலாம். மறந்தேனா? நெசமா தெரியல. கை பழக்கத்துல வெளிய மட்டும் வச்சிது, அது உண்மை. ஆனா அப்பறம் ஒரு நாளு ஞாபகம் வந்துச்சே. பாத்துக்கலாம்னு வுட்டேனே. பாத்துக்கலாம்னா இன்னா அர்த்தம்? முடியாத வண்டியில அக்கா எப்படிப் போவான்னுதான?

இதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். தலை நிமிராமல் சொன்னேன். அக்கா எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டாள்.

7 ஜூன், சனி

மூன்றாம் நாள். பேச்சு இல்லை, அடுப்பும் பற்றவில்லை. பக்ரீத் என்பதால் சிராஜ் பாய் வீட்டிலிருந்து அவர் மனைவி ரோஷன் பீ பிரியாணி கொடுத்தனுப்பினார்கள், அதனால் பிழைத்தேன். அக்கா தன் பங்கைத் தனியே எடுத்துக்கொண்டுபோய்ச் சாப்பிட்டாள்.

8 ஜூன், ஞாயிறு

பன்னிரண்டு மணிக்குப் பட்டறைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் ஒரு பட்டறையும் திறக்கவில்லை. நான் பெட்டியைக் கழற்ற ஸ்பேனர் எடுத்துவைத்திருந்தேன்.

"உள்ள ஏறு."

"எதுக்குக்கா?"

"ஏறுடா."

ஏறினேன். கதவைச் சாத்தினாள். கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. "கத்திரிக்கா வாங்கினு வரேன்" என்றாள். செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

முதலில் சிரித்தேன். சரி, விளையாடுகிறாள், ரெண்டு நிமிஷம். பத்து நிமிஷத்தில் சட்டை நனைந்துவிட்டது. எழுந்து நின்றால் தலை இடிக்கிறது. சாய்ந்தால் முதுகில் குத்துகிறது. என்னவென்று பார்த்தால் திருகாணி முனை. வெளியே தடவித் தடவி வழவழவென்று செய்தவன், உள்ளே ஒரு முனையையும் அரத்தால் ராவவில்லை. எங்கே கை வைத்தாலும் கிழிக்கிறது. பெயின்ட் நெடி. சன்னல் கம்பி வழியே ராஜகிரிக் கோட்டை ஒரு கையகலம் தெரிந்தது, மற்றதெல்லாம் தகடு. இத்தனை வண்டி கட்டியிருக்கிறேன். ஒன்றின் உள்ளேயும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்ததில்லை.

கால் மணிக்கு மேல் தாங்கவில்லை. "அக்கா, அக்கா" என்று கத்தினேன். ஐம்பத்து நான்கு வயசுக்காரன். வெக்கமா இருக்குது எழுத.

முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தாள். நிஜமாகவே கத்திரிக்காய்ப் பை கையில் இருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் குடித்து முடிக்கிற வரை நின்றாள்.

"இன்னா பாத்த உள்ள?"

"திருகாணி முனைய ராவல."

"வேற?"

"நீ போயிட்டா நான் ஒண்டியா கெடப்பேன்க்கா. எனக்கு யாரு இருக்கா. அதான்."

சொன்ன பிறகு அழுகை வந்துவிட்டது. அக்கா பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தாள்.

"அங்க எனக்கும் யாரும் இருக்க மாட்டாங்கடா. அதுக்குத்தான் போறேன்" என்றாள். "எல்லார் ஊட்டு வாசல்லயும் போயி நின்னாச்சு. வாம்மான்னு கூப்புடறவங்க, நாய அவுத்து வுடறவங்க, எல்லாரையும் பாத்தாச்சு. வாசலே இல்லாத எடத்துல ஒரு தடவ நிக்கணும். அவ்ளோதான். ஒன்ன வேணாம்னு போவல."

ரங்கநாதனுக்கு நானே போன் செய்து வேண்டாம் என்று சொன்னேன். திட்டினார். ராத்திரி கத்திரிக்காய் கொத்சு.

20 ஜூலை, ஞாயிறு

பெட்டியை முழுக்கப் பிரித்துத் திரும்பக் கட்டுகிறேன். ஆங்கிளை எடுத்துவிட்டு மெல்லிய சதுரக் குழாய். சன்னல் பெரிதாக, ஆள் நுழைகிற அளவுக்கு, உள்ளிருந்து தள்ளித் திறக்கிற மாதிரி. ஸ்ப்ரிங் பட்டை இரண்டையும் கழற்றிவிட்டேன். கதவுக்கு உள்ளே இரண்டு தாழ்ப்பாள். வெளிக் கொண்டியை அறுத்துவிட்டு, சாவி போட்டுப் பூட்டுகிற கைப்பிடி. வெளியே பூட்டியிருந்தாலும் உள்ளிருந்து திறக்கும். எல்லா முனையையும் ராவினேன். தினமும் மத்தியானம் உள்ளே போய்ப் படுத்துப் பார்க்கிறேன். சிராஜ் பாய் என்னைப் பார்த்து, "நீயா போற, அக்காவா போவுது?" என்கிறார்.

மறுபடி எடை போட்டோம். பெட்டியின் எடை முன்னே இருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

தோள்பட்டை கழன்றுவிடும் போல வலி. வயசு ஆகிறது எனக்கும்.

10 செப்டம்பர், புதன்

காலை ஐந்தரைக்குக் கிளம்பினாள். பிரசாந்த் ஓசூரிலிருந்து வந்திருந்தான், வழி நெடுக போன் செய்யச் சொல்லி அத்தையிடம் சத்தியம் வாங்கினான். நான் டயரில் காற்று பார்த்தேன். ஏற்கனவே பார்த்ததுதான். திருவண்ணாமலை ரோட்டில் திரும்புகிற வரை நின்றுவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

14 செப்டம்பர்

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. டி.வி.யைப் போட்டுவிட்டு வேறு அறையில் படுத்தேன்.

2 அக்டோபர், வியாழன்

போனில், "எப்பக்கா வருவ?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். "இப்பதான்டா வந்துகிறேன்" என்றாள்.

5 நவம்பர், புதன்

விடாத தூறல். பட்டறை திறக்கவில்லை. ரேஷன் கடைக்குப் போனேன். ஒன்பது வருஷமாக அக்காதான் போவாள், எந்தப் பையை எடுத்துப் போவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கைரேகை வைத்தால் எடுக்கவே இல்லை. கிரைண்டர் பிடித்துப் பிடித்து என் விரலில் ரேகை தேய்ந்துவிட்டதாம். ஐந்து தடவை துடைத்துத் துடைத்து வைத்த பிறகு எடுத்தது.

கடையில் அளந்து போடுகிற மணிமொழி கேட்டாள், "நர்சம்மா எங்கண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

"ஊருக்குப் போயிருக்குது."

"எந்த ஊருக்கு?"

"தெரியலம்மா. நேத்து ஜெய்சல்மேர்னு சொல்லுச்சு. இன்னிக்கு எங்க இருக்குதோ."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னால் நின்ற ஒரு பெண், "எங்க ஊட்டுக்குத் தடுப்பூசி போட வந்த அம்மாவா அது? ஒண்டியாவா?" என்று கேட்டாள். ஆமாம், ஒண்டியாகத்தான், வண்டி நான் கட்டிக் கொடுத்தது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது.

அரிசி, பருப்பு, சர்க்கரை வாங்கி வந்தேன். சோறு வைத்தேன், ரசம் வைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று கைக்கு இன்னும் பழகவில்லை. மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்தேன், காலைக்கு ஆகும்.