முயலுக்கான தோட்டா

இஞ்சேருங்கோ,

நீங்கள் முதலாளியோடு வடக்கே காட்டுக்கு, அந்தப் பெரிய மூஸ் மான் வேட்டைக்குப் போய்விட்டீர்கள். இங்கே ஸ்காபரோவில் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. துடைத்த சமையல் மேசையையே திரும்பவும் துடைக்கிறேன்.

அந்த மேசையடியில் இருந்துகொண்டுதானே வழியில் முயல் சுடவென்று தோட்டா செய்தீர்கள்? "மூஸுக்குப் போடுற அளவு வெடிமருந்து போட்டால் முயல் சிதறிப்போம், இறைச்சி மிஞ்சாது. இதுக்குக் கொஞ்சம் காணும்" என்றீர்கள். முதலாளி காட்டித் தந்தாராம். சரி, நம்புகிறேன்.

ஆனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கவே நடுங்கும் உங்கள் கை, அந்த மருந்தை நிறுக்கும்போது நடுங்கவேயில்லை.

சண்டைக் காலத்தில் ஊரில் என்ன செய்தீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இனியும் கேட்கமாட்டேன்.

முயல் வேண்டாம். வந்ததும் எனக்கொரு தேத்தண்ணி ஊற்றித் தாருங்கள். அது சிந்தினால்தான் எனக்கு நித்திரை வரும்.

உங்கள் மனைவி