மாடிக் குளியலறைக் குழாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பழைய அறைத்தோழி எழுதுவது. நான் நலம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். யார் எழுதியது என்று தெரிந்தும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்ததற்கே நன்றி. நாம் படித்த கல்லூரி அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி உங்கள் முகவரியை வாங்கினேன். சொந்தமாக மருந்துக் கடை வைத்திருக்கிறீர்களாமே, கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

நான் இன்னும் செயற்கைக் கால் செய்யும் வேலையில்தான் இருக்கிறேன். புதுவகை முழங்கால் மூட்டுக்குப் பயிற்சி என்று ஆஸ்பத்திரியில் என்னைப் பத்து நாள் நாம் படித்த அந்த வெளிநாட்டு ஊருக்கே அனுப்பினார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து அதே ஊர். அந்த ரொட்டிக் கடை அதே மூலையில் இருக்கிறது. வந்த புதிதில் 'ஒரு ரொட்டி கொடுங்கள்' என்பதற்குப் பதிலாக 'நான் ஒரு ரொட்டி' என்று அந்த ஊர் மொழியில் சொல்லி வைத்தேனே! கடை வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இடித்துக்கொண்டு சிரிக்க நீங்கள் இல்லாததால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அச்சு எடுத்துப் பழக உங்கள் காலைக் கடனாகக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? எண்ணெய் தடவ மறந்து மாவுக்கட்டைப் போட்டுவிட்டேன். அது கழற்ற வராமல் பிடித்துக்கொண்டது. மறுநாள் உங்களுக்குப் பரீட்சை. கட்டோடு பஸ் ஏறியதும் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தாராம். தினமும் இப்படிக் கட்டிவிடு, உட்கார்ந்தே போகிறேன் என்று வந்து சொன்னீர்கள். வேறு யாராவது என்றால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள்.

சொல்ல வந்ததை விட்டு எங்கெங்கோ போகிறேன்.

அன்று மாடிக் குளியலறையில் கடைசியாகக் குளித்தது நான். குழாயை மூடினேனா என்று எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வகுப்பு முடிந்து வந்தபோது கீழே வீட்டுக்கார அம்மாவின் பியானோமேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பியானோ சொல்லிக்கொடுத்துத்தான் அவர் குடும்பம் நடத்தினார். பதற்றத்தில் மேலே போய்க் குழாய், வால்வு என்று கையில் பட்டதையெல்லாம் திருகி மூடியிருந்தார். எது திறந்திருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. யார் வேலை இது என்று கேட்டார். நான் தரையில் தேங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் முந்திக்கொண்டு, "நான்தான்" என்றீர்கள். புகார் கல்லூரிக்குப் போனால் என் உதவித்தொகை நின்றுவிடும் என்று பயந்துதானே அப்படிச் சொன்னீர்கள்?

ஒரே வாரத்தில் உங்களைக் காலி செய்யச் சொன்னார். கடைசி வருஷம் முழுக்க ஊர்க்கோடியிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்தீர்கள். நான் அதே அறையில் போர்த்திக்கொண்டு தூங்கினேன். உங்கள் பெட்டியைப் படியிறக்கிக் கொடுத்ததோடு சரி.

இந்தத் தடவை அந்தத் தெருப்பக்கமே போகாமல் ஒன்பது நாள் ஓட்டினேன். புறப்படும் நாள் காலையில் மனசு கேட்கவில்லை. போய் மணியடித்தேன். அவரே திறந்தார். எண்பது தாண்டிவிட்டது, காதும் மந்தம். உட்காரும் முன்பே, அன்று குளித்தவள் நான், அக்கா இல்லை என்றேன். அவர் காதில் விழவில்லை. பத்தொன்பது வருஷம் தொண்டையில் நின்றதைத் தெருவுக்கே கேட்கும்படி இரண்டாம் தடவை கத்த வேண்டியதாயிற்று.

என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, "ரெண்டு பேருமே இல்லம்மா. சுவத்துக்குள்ள பைப் இத்துப்போயிருந்தது" என்றார்.

நாம் ஊர் திரும்பிய பிறகு, மாடி பூட்டிக் கிடந்தபோதே மறுபடி ஒழுகியதாம். குழாய் வேலைக்காரர் சுவரை உடைத்து, விரல் நுழையும் ஓட்டையைக் காட்டினாராம். நம்மைத் தேடிக் கல்லூரிக்கு எழுதியும் பதில் வரவில்லையாம். "செய்யாத தப்புக்கு அந்தப் பொண்ண வெளிய அனுப்பிட்டேன். அவ எங்க இருக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன் அக்கா. அழுது முடித்ததும் நல்ல பசி. விமானத்தில் கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, இறங்கும்வரை குறட்டை விட்டிருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் பாவம்.

ஆனால் பைப் இத்துப்போனதற்கு யாரும் பொறுப்பில்லை; நான் வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு நான்தான் பொறுப்பு. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி உங்கள் கல்யாணத்துக்கு வராமல் இருந்தேனே, அதுவும் பொய்தான். உங்கள் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை.

வீட்டுக்கார அம்மா உங்களுக்கு எழுத வேண்டும் என்கிறார். உங்களைக் கேட்காமல் முகவரி கொடுக்க மனமில்லை. கொடுக்கலாமா?

அடுத்த மாதம் நான்கு நாள் விடுப்பு எடுக்கிறேன். உங்கள் ஊருக்கு நேரடி ரயில் இருக்கிறது. வரச் சொன்னால் வருகிறேன். மனசு ஆறும்வரை திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வாசலில் என்னைப் பார்த்ததும் 'வாங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பழையபடி 'வாடி' என்றே கூப்பிடுங்கள்.

என்றும் உங்கள்
தங்கை